கோழியை ஏலம் விடும் வளாகத்தில் நாய்க்கு ஜெபம் கூடாதா?

நம் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஐயா அவர்களுக்கும், சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் டீக்கன்மார் அனைவருக்கும்,

வாலிபர் ஐக்கியத்தின் விண்ணப்பத்துக்கு நீங்கள் அளித்த பதிலை அறிவிப்புப் பலகையில் படித்தேன். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில், வீட்டில் வளர்க்கும் பிராணிகளுக்காக அரை மணி நேரம் ஜெபக் கூட்டம் நடத்த அனுமதி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். “வேத ஆதாரம் இல்லை, இது ரோமச் சபையின் வழக்கம், ஆலய வளாகத்துக்குள் மிருகங்களுக்கு அனுமதி இல்லை” என்று தட்டச்சு செய்து, செயலர் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி ஒட்டியிருக்கிறீர்கள். கேட்டவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. சபைக் கூட்டத்திலும் வைக்கவில்லை.

நான் இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையான் என்ற முறையிலும் சரி, மாட்டையும் ஆட்டையும் தொட்டுப் பிழைத்தவன் என்ற முறையிலும் சரி, இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. நேரில் சொன்னபோது “எழுத்தில் கொடுங்கள்” என்றீர்கள். கொடுக்கிறேன். சபையார் எல்லாரும் படிக்கும்படியாகவே கொடுக்கிறேன்.

வளாகத்துக்குள் மிருகங்களுக்கு அனுமதி இல்லையா? அப்படியானால் ஆண்டுதோறும், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையன்று நம் வளாகத்துக்குள் வருபவை எவை? சென்ற பண்டிகையில் பூசணிக்காயும் வாழைத்தாரும் அடுக்கியிருந்த மேஜைக்குக் கீழே, கால்களைச் சணல் கயிற்றால் கட்டி, நாட்டுக்கோழிகளைச் சிமெண்டுத் தரையில் போட்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து, ஐக்கிய விருந்தும் முடிந்து, ஏலம் தொடங்கியபோது வெயில் மேஜைக்கு அடியில் வந்துவிட்டது. ஒரு சேவல் அலகைத் திறந்தபடி, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கி, தொண்டை துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது; உடல் சூட்டை அப்படித்தான் வெளியேற்றும். அந்த நிலையில் ஒரு கோழியைக் கண்டால் நிழலுக்கு மாற்றித் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் பாலபாடம். நம் தொண்டர் ஒருவர் அதன் கால் கட்டைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டி, “எழுநூறு ஒருதரம்” என்றார். சிரிப்பும் கைதட்டலுமாக ஏலம் ஆயிரத்தைத் தாண்டியது. அடுத்து வெள்ளாட்டுக் குட்டி. கழுத்தில் சாமந்தி மாலையோடு சைக்கிள் நிறுத்தும் கம்பியில் கட்டியிருந்தார்கள். தாயைத் தேடி அது கத்திய சத்தம் பிரசங்கத்தின் நடுவிலும் கேட்டது. பிரசங்கம் நல்ல மேய்ப்பனைப் பற்றியது.

காணிக்கை கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சேவலைக் கொடுத்த அம்மா அதைக் குஞ்சிலிருந்து வளர்த்தவர். சபைக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது அதுதான். இறைச்சி உண்பதைப் பற்றியும் நான் பேசவில்லை, நானும் உண்பவன்தான். ஆனால் தேவையற்ற வேதனை உண்டாகும்படி ஒரு பிராணியைத் தூக்கிச் செல்வதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில் குற்றம் என்று சொல்லியிருக்கிறது. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், சந்தையில் நடப்பதுதான் சபையிலும் நடக்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஏலம் தொடங்குமுன் போதகர் ஐயா மேஜைக்கு முன்னால் நின்று, அங்கே இருந்த எல்லாவற்றின்மேலும் கைகளை நீட்டி, “இவற்றைப் பலுகப்பண்ணும் ஆண்டவரே” என்று ஜெபித்தீர்கள். காய்கறிக்கும் கோழிக்கும் சேர்த்துத்தான் அந்த ஜெபம். ஆகவே பிராணியின்மேல் ஜெபிப்பது நம் சபைக்குப் புதிதல்ல. விற்கப்போகிற பிராணிக்காக ஜெபிக்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ளப்போகிற பிராணிக்காக ஜெபிக்கக் கூடாது என்பதுதான் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளின் பொருள்.

வேத ஆதாரம் என்று வரும்போது இன்னும் வேடிக்கை. நம் சபையில் யாராவது ஸ்கூட்டர் வாங்கினால் ஆராதனை முடிந்ததும் கேட் அருகே நிறுத்துகிறார்கள். போதகர் வந்து ஹேண்டில்பாரில் கை வைத்து ஜெபிக்கிறார். புது வீட்டுக்கு நிலைக்கால் வைத்தால் ஜெபம். ஆழ்துளைக் கிணறு போடும் இடத்தில், லாரி வந்து இறங்கிய பிறகு, ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஜெபம். ஆலயத்துக்கு ஜெனரேட்டர் வாங்கியபோது அதற்குத் தனியாகப் பிரதிஷ்டையே நடந்தது. இவற்றில் எதற்கும் டீக்கன்மார் கூட்டத்தில் வசனம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. இரும்புக்காக ஜெபிக்கவில்லை, அதைப் பயன்படுத்துகிறவர்களுக்காகவே ஜெபிக்கிறோம் என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். நாயை வளர்ப்பவருக்கும் அந்த நியாயம் பொருந்தும். நாய்க்கு உயிரும் வலியும் இருப்பது கூடுதல் காரணம்.

அப்படியும் வசனம் வேண்டும் என்றால் நெடுந்தூரம் போக வேண்டாம். வேதாகமத்தின் முதல் ஆசீர்வாதம் ஆதியாகமம் 1ஆம் அதிகாரம் 22ஆம் வசனத்தில் வருகிறது. அது மீன்களுக்கும் பறவைகளுக்கும். மனிதன் ஆசீர்வாதம் பெறுவது 28ஆம் வசனத்தில்தான். ஜலப்பிரளயத்துக்குப் பிறகு தேவன் செய்த உடன்படிக்கை நோவாவோடு நிற்கவில்லை. பேழையிலிருந்து இறங்கிய சகல ஜீவஜந்துக்களோடும் செய்ததாகவே 9ஆம் அதிகாரம் சொல்கிறது. யோனாவின் புத்தகம் எந்த வார்த்தைகளோடு முடிகிறது என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கேளுங்கள். நினிவேயின் ஜனங்களோடு “அநேக மிருகஜீவன்களும்” தம் பரிதாபத்துக்குரியவை என்று கர்த்தர் சொல்கிறார். “நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்” என்பது நீதிமொழிகள் 12:10.

ஆனால் எனக்கு எப்போதும் நெருக்கமாக இருப்பது தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் சொன்ன கதை. ஏழை ஒருவன் ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கி வளர்க்கிறான். அது அவன் பிள்ளைகளோடு வளர்கிறது, அவன் பாத்திரத்திலே குடிக்கிறது, அவன் மடியிலே படுத்துக்கொள்கிறது, அவனுக்கு “ஒரு மகளைப்போல” இருக்கிறது. மந்தை மந்தையாக ஆடு வைத்திருந்த ஐசுவரியவான் தன் விருந்தாளிக்காக அதைப் பிடித்துச் சமைக்கிறான். அதைக் கேட்ட தாவீதுக்குக் கோபம் மூண்டது என்று 2 சாமுவேல் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. “ஓர் ஆட்டுக்காகவா இவ்வளவு?” என்று தாவீது கேட்கவில்லை. மடியில் படுத்த ஆட்டுக்கும் மந்தையில் ஓர் ஆட்டுக்கும் உள்ள வேறுபாடு மேய்ப்பனாக இருந்த அந்த ராஜாவுக்குத் தெரிந்தது. நம் சபையில் அதை விளக்க வேண்டியிருக்கிறது.

விளக்க வேண்டியிருக்கிறது என்று சும்மா சொல்லவில்லை. பின்வரிசையில் உட்காரும் சகோதரி ஒருவர் வெள்ளாடு வளர்த்துப் பிழைப்பவர். ஆட்டுக்கொல்லி நோய் வந்து அவருடைய ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிய, வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சலில் துவண்டு கிடந்தவற்றை நானே போய்ப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெப விண்ணப்பச் சீட்டில் ஆடுகளுக்காக எழுதிப் பெட்டியில் போட்டார். சீட்டுகளை வாசித்தவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடியில் செருகினார். முன்னால் வாசித்தது வெளிநாட்டு விசா, பின்னால் வாசித்தது வங்கிக் கடன். ஆடு வளர்ப்பவருக்கு விசாவும் அதுதான், வங்கியும் அதுதான். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் நம்பியிருந்தது அந்த ஆடுகளைத்தான்.

இன்னொருவர் கணவரை இழந்த மூத்த சகோதரி. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வீட்டில் அவரோடு இருந்தது ஒரு நாட்டு நாய். அது செத்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் குழி தோண்டிக் கொடுத்தார்கள். அவர்கள் நம் மார்க்கத்தார் அல்லர். சபையிலிருந்து வீட்டுச் சந்திப்புக்குப் போனவர், “நாய்க்காக அழலாமா அம்மா, விசுவாசி இப்படிக் கலங்கலாமா” என்று கேட்டுவிட்டுக் காப்பி குடித்துத் திரும்பியிருக்கிறார். அந்த அம்மா அதன்பிறகு பெண்கள் ஐக்கியத்துக்கு வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று கேட்க நம்மில் யாரும் போகவுமில்லை.

செல்லப்பிராணி என்றதும் உங்கள் கண்முன் வருவது லாப்ரடார் நாயும் அதைக் காரில் கொண்டுவரும் குடும்பமும் என்று நினைக்கிறேன். “ஏழைகளைக் கவனிக்கவே பணமில்லை, நாய்க்கு ஆராதனையா?” என்று டீக்கன் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நம் சபையில் பிராணி வளர்ப்பவர்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள். ஆடு, கறவை மாடு, கோழி, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய், பூனை. பெரும்பாலோர் பின்வரிசைக்காரர்கள். ஏழைகளைக் காட்டித்தான் ஏழைகளுக்கு இல்லை என்கிறீர்கள். செலவு என்று பார்த்தால் மைக் செட் கூடத் தேவையில்லை.

ரோமச் சபை வழக்கம் என்ற காரணத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்டோபர் 4 அசிசியின் பிரான்சிஸ் நாள். ஜனவரி 17 வனத்து அந்தோணியார் நாள். நம் கிராமங்களில் கத்தோலிக்கர் இந்த நாட்களில் மாடுகளை மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, கூட்டிப்போவது உண்டு. உண்மைதான். டிசம்பர் 25ஐ மட்டும் நாம் எங்கிருந்து எடுத்தோம்? 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸையே ரோம வழக்கம் என்று தடை செய்தது. நம் ஆலயக் கோபுரத்தில் டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் ஏறிவிடுகிறது. அக்டோபர் உறுத்தினால் வேறு மாதம் வையுங்கள். தண்ணீர் தெளிக்கவோ தூபம் காட்டவோ பிள்ளைகள் கேட்கவில்லை. ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், அவ்வளவே.

நம் முன்னோர்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் “இது பாப்டிஸ்ட் முறையா?” என்று ஐயா கேட்டீர்கள். 1793இல் வங்காளத்துக்கு வந்திறங்கிய பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரியின் படம் நம் அலுவலக அறையில் மாட்டியிருக்கிறது. சிறுவனாக இருந்தபோது தம் அறையைப் பூச்சிகளாலும் பறவைகளாலும் நிரப்பி வைத்திருந்தவர் அவர். வேதாகமத்தை மொழிபெயர்த்த அதே கையால் சேராம்பூரில் தோட்டம் போட்டார். 1820இல் வேளாண்மை தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். சிருஷ்டியைக் கவனிப்பது ஊழியத்துக்கு வெளியே உள்ள வேலை என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. லண்டனில் பாப்டிஸ்ட் போதகர் ஸ்பர்ஜன் இதை வெளிப்படையாகவே பிரசங்கித்தார். ஒருவன் கிறிஸ்தவன் ஆனதால் அவன் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் நன்மை உண்டாகாவிட்டால் அவன் மெய்க் கிறிஸ்தவன் அல்ல என்று ரோலண்ட் ஹில் என்ற போதகர் சொல்லிவந்ததை எடுத்துக்காட்டி, அந்தச் சாட்சி உண்மை என்றார். அவர் வீட்டிலும் பஞ்ச் என்று ஒரு நாய் இருந்தது. அந்தப் பிரசங்கியாரின் பெயரை மாதம் ஒரு தடவையாவது மேடையில் சொல்கிறோம்.

பாப்டிஸ்டுகளின் 1689ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையை டீக்கன் ஒருவர் எனக்குச் சுட்டிக்காட்டினார். தேவன் தம் வார்த்தையில் வெளிப்படுத்தாத எதையும் ஆராதனையில் சேர்க்கக் கூடாது என்று 22ஆம் அதிகாரம் சொல்வது சரி. அதை நான் மதிக்கிறேன். அதனால்தான் ஞாயிறு ஆராதனைக்குள் இதைக் கொண்டுவர வேண்டாம் என்று நானே வாலிபரிடம் சொன்னேன். ஆனால் அதே அதிகாரம் விசேஷ சந்தர்ப்பங்களில் ஸ்தோத்திரக் கூட்டங்கள் நடத்துவதை அனுமதிக்கிறது. ஒரு பத்தியைப் படித்துவிட்டு மற்றொன்றை விடக் கூடாது.

“இன்றைக்கு ஆசீர்வாதம் கேட்பார்கள், நாளைக்கு ஞானஸ்நானம் கேட்பார்கள்” என்று ஒருவர் கேலி பேசினார். குழந்தைகளுக்கு நாம் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஆனாலும் பிறந்த குழந்தையைக் கையில் ஏந்தி ஆசீர்வதித்து ஜெபிக்கிறோம். அதை ஞானஸ்நானம் என்று நம் சபையில் யாரும் குழப்பிக்கொண்டதில்லை. தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடுபவனுக்கு மட்டுமே முழுக்கு என்பதில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், ஒரு பூனை அறிக்கையிட்டுவிடும் என்றா பயப்படுகிறோம்?

நியாயமான தயக்கங்களும் உண்டு. நாயைக் கண்டாலே நடுங்குபவர்கள் இருக்கிறார்கள். கடிபட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் ஆலயத்துக்குள் வேண்டாம், சனிக்கிழமை, வெளியே, கயிறு கட்டி என்று பிள்ளைகளே எழுதியிருந்தார்கள். உயர்சாதி நாய்களின் அணிவகுப்பாகவும் படம் எடுத்துப் போடும் கூத்தாகவும் மாறிவிடும் என்று அஞ்சினால், அந்த அச்சம் எனக்கும் இருக்கிறது. சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியை இந்த வெயிலில் மொட்டை மாடியில் கட்டி வைத்திருப்பவர் ஆசீர்வாதம் கேட்டு வந்தால், போதகர் முதலில் அவருக்குப் புத்தி சொல்ல வேண்டும். அதற்கும் இந்தக் கூட்டம் இடம் கொடுக்கும். கூட்டம் இல்லாவிட்டால் யார் சொல்வது?

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட கூட்டங்களை நடத்தும் பாப்டிஸ்ட் சபைகளும் இருக்கின்றன, நடத்தாத சபைகளும் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று நீ பாப்டிஸ்ட் அல்ல என்று சொல்ல முடியாது. நமக்குப் பேராயர் கிடையாது. தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வராது. அந்தந்தச் சபை தன் அங்கத்தினர் கூட்டத்தில் ஜெபித்து, பேசி, வாக்களித்து முடிவெடுக்கும் என்பதற்காகத்தான் நம் முன்னோர் சிறைக்கும் போனார்கள். என் மனத்தாங்கலில் பெரும்பகுதி இங்கேதான். சுவருக்கு எந்த நிறம் அடிப்பது என்பதற்கு அங்கத்தினர் கூட்டம் போட்டு இரவு வரை வாதாடிய சபை இது. பிள்ளைகள் கேட்ட ஒரு ஜெபக் கூட்டத்தை மட்டும் டீக்கன்மார் அறைக்குள் பேசி, கதவைத் திறக்கும்போது முத்திரை குத்திய தாளோடு வெளியே வந்தீர்கள். சபை வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் தலைவணங்குவேன். சபையைக் கேட்காமல் எடுத்த முடிவுக்கு வணங்க மாட்டேன்.

ஆகவே நான் கேட்பவை இவை.

அறிவிப்புப் பலகையில் உள்ள தாளை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள். இந்த விண்ணப்பத்தை அடுத்த காலாண்டு அங்கத்தினர் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். வாலிபர் ஐக்கியத்தின் சார்பில் ஒருவர் பத்து நிமிடம் பேச அனுமதியுங்கள். பிறகு வாக்கெடுப்பு நடக்கட்டும்.

சபை சம்மதித்தால், கூட்டத்தன்று வரும் நாய், பூனைகளுக்கு வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியும் போட்டுவிடலாம். செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினம். அதையொட்டி நடத்தினால் கால்நடை மருந்தகத்தின் உதவியைக் கேட்டுப் பெறும் பொறுப்பு என்னுடையது. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அவற்றை ஓட்டிவர வேண்டியதில்லை; பெயரைக் கொடுத்தால் போதகர் அவர்கள் கொட்டகைக்கே போய் ஜெபிக்கட்டும்.

சபை சம்மதிக்காவிட்டாலும் இரண்டு காரியங்களுக்கு நீங்கள் பொறுப்பு. வருகிற அறுப்பின் பண்டிகையில் உயிருள்ள எந்தப் பிராணியும் காலைக் கட்டித் தரையில் போடப்படக் கூடாது. தலைகீழாகத் தூக்கப்படக் கூடாது. கூடையும் நிழலும் தண்ணீரும் ஏற்பாடு செய்யுங்கள், அல்லது கொண்டுவருபவர் வீட்டிலேயே பிராணியை விட்டுவிட்டு ஏலத்துக்குச் சீட்டு மட்டும் எழுதி வையுங்கள். 

ஜெப விண்ணப்பப் பெட்டியில் விழும் சீட்டு எதுவாக இருந்தாலும் அதை வாசியுங்கள். நாயைப் பறிகொடுத்த அந்த அம்மாவின் வீட்டுக்குப் போதகர் ஐயாவே இந்த வாரத்தில் ஒரு மாலை போய்வாருங்கள். கூட வரச் சொன்னால் வருகிறேன்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். அதையும் பலகையிலேயே ஒட்டலாம்.

இப்படிக்கு,
சபை அங்கத்தினன்,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்